சில்லறையிலிருந்தே புதிய நாணயங்களைச் சேர்ப்பது எப்படி? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு வழிகாட்டி

புதிய நாணயம் ஒன்று புதியதாகவே இருக்கும் காலம் மிகக் குறுகியது. நாணயச்சாலையிலிருந்து மூட்டையாக வங்கிக்கு வந்து, வங்கியிலிருந்து கடைக்காரரின் கல்லாவுக்குப் போய், அங்கிருந்து பூக்காரர், பால்காரர், பேருந்து நடத்துநர் என்று கைமாறத் தொடங்கிய சில வாரங்களிலேயே அதன் பளபளப்பு மங்கி, விளிம்பு அடிபட்டு, முகப்பில் கீறல்கள் விழுந்துவிடுகின்றன. ஆகவே ஒரு நாணயத்தைச் சேர்க்க உகந்த பொழுது, அது எங்கும் கிடைக்கிற, யாரும் பொருட்படுத்தாத அந்தத் தொடக்கக் காலமே. பத்தாண்டு கழித்து அதே காசை அதே நிலையில் பெற வேண்டுமானால் வணிகரிடம் விலை கொடுக்க வேண்டியிருக்கும். இன்று அது முகமதிப்புக்கே, மீதிச் சில்லறையாக, தானே நம் கைக்கு வந்து சேர்கிறது. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் இருப்பவர்கள் அந்தச் சில்லறையை எப்படிப் பார்க்கலாம், எங்கே தேடலாம், எப்படிப் பாதுகாக்கலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

எது கைக்கு வரும், எது வராது

நாணயங்களை வெளியிடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உரியது. அவற்றைப் புழக்கத்தில் விடும் பணியை ரிசர்வ் வங்கி செய்கிறது. ஒவ்வொரு புதிய நாணயத்தின் வடிவம், விட்டம், எடை, உலோகக் கலவை, பொறிப்பு ஆகிய அனைத்தும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சகத்தின் அறிவிக்கையாக அரசிதழில் வெளியாகின்றன. புதிதாக என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த அறிவிக்கையைவிட நம்பகமான செய்தி வேறில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் படங்களில் பாதி, யாரோ கணினியில் வரைந்தவை.

தொடக்கத்திலேயே ஒரு பிரிவினையை மனத்தில் கொள்ள வேண்டும். செய்தித்தாளில் பெரிதாகப் படம் வரும் நாணயங்கள் பெரும்பாலும் நம் கல்லாப் பெட்டிகளுக்கு வருவதில்லை. 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பின்போது வெளியிடப்பட்ட 75 ரூபாய் நாணயம், 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிடப்பட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம், 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிடப்பட்ட இராசேந்திர சோழன் 1,000 ரூபாய் நாணயம் போன்றவை சேகரிப்பாளர்களுக்கென்றே அடிக்கப்பட்டு, முகமதிப்பைவிட அதிக விலைக்குப் பெட்டியில் வைத்து விற்கப்படுகின்றவை. அவற்றை விரும்பி வாங்குவது அவரவர் வசதியைப் பொறுத்தது. ஆனால் அது வாங்கும் வேலை. இந்தக் கட்டுரை பேசுவது கண்டெடுக்கும் வேலையைப் பற்றியது.

கண்டெடுக்கத்தக்கவை எவை? இப்போது நம் கையில் அதிகம் புழங்குவது 2019 மார்ச் 7 அன்று வெளியிடப்பட்ட வரிசை. பார்வைக் குறைபாடு உடையோர் தொட்டுப் பார்த்தே வேறுபாடு அறியும்படி அதில் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் எடையிலும், 10 ரூபாய் வரை விட்டத்திலும் படிப்படியாக உயர்கின்றன. 20 ரூபாய் மட்டும் வட்டமாக இல்லாமல் 12 பக்கங்கள் கொண்டது. மதிப்பைக் காட்டும் பக்கத்தில் தானியக் கதிர் வடிவம் இருக்கும். அடுத்தது, விடுதலையின் 75ஆம் ஆண்டு அமுதப் பெருவிழாச் சின்னம் பொறித்து 2022 ஜூன் 6 அன்று அதே ஐந்து மதிப்புகளில் வெளியிடப்பட்ட சிறப்பு வரிசை. பலர் இதனைக் கையில் வைத்துக்கொண்டே கவனிக்காமல் செலவழித்துவிடுகிறார்கள். அளவும் எடையும் வழக்கமான காசைப் போலவே இருப்பதால் விரலுக்கு வேறுபாடு தெரிவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

இவற்றுக்கு முந்தைய வரிசைகளும் இன்னும் கூடவே புழங்குகின்றன. 2011 முதல் அடிக்கப்பட்டவற்றில், தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்து 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறி இருக்கும். அதற்கு முன்னர் வந்த 1 ரூபாயில் கட்டைவிரலை உயர்த்திய கையும், 2 ரூபாயில் இரு விரல்களை நீட்டிய கையும் நாட்டிய முத்திரைகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே நாளில் ஒரே கடையில் பெற்ற நாலைந்து காசுகளில் மூன்று வரிசைகள் கலந்து வருவது இங்கு வழக்கமான காட்சியே.

நினைவு நாணயங்களிலும் புழக்கத்துக்கென்றே அடிக்கப்பட்டவை பல உண்டு. தஞ்சையில் 1995இல் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிய திருவள்ளுவர் நாணயம், காமராசர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009இல் வந்த பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், தஞ்சைப் பெரியகோயிலின் ஆயிரமாவது ஆண்டு 5 ரூபாய் ஆகியவை தமிழர் எவரும் கண்டால் எடுத்து வைக்கத் தோன்றும் காசுகள். அண்ணா நாணயத்தில் அவருடைய கையொப்பம் தமிழிலேயே இருப்பதால், அதை முதன்முதலாகப் பார்க்கும் சிறுவர்கள் இந்திய நாணயத்தில் தமிழ் எழுத்தா என்று வியப்பதைக் கண்டிருக்கிறேன். இவை புதியவை அல்ல. ஆனால் புதியவற்றைத் தேடும்போது இடையில் வந்து விழும்.

ஒரு நாணயத்தைப் படிக்கும் ஒழுங்கு

கையில் வந்த காசை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதைப் பழக்கப்படுத்திக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடிகூட ஆகாது. முதலில் ஆண்டு எண், அதன் கீழே நாணயச்சாலைக் குறி, பிறகு வடிவம், கடைசியாக விளிம்பு. சிங்கத் தூண் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. புழக்கக் காசுகளில் வேறுபாடுகள் பெரும்பாலும் மதிப்பு எண் உள்ள பக்கத்திலேயே இருக்கின்றன.

நாணயச்சாலைக் குறிதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே. இந்திய அரசின் நாணயச்சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா. ஆண்டு எண்ணின் கீழே சிறிய சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் அடித்தது. ஐந்து முனை விண்மீன் இருந்தால் ஐதராபாத். உருண்டையான ஒற்றைப் புள்ளி இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. நால்வரில் நொய்டாவே இளையது. 1988இல்தான் அது வேலையைத் தொடங்கியது. ஆக, ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஒரே வடிவம் என்று இருந்தாலும் நான்கு வெவ்வேறு நாணயங்கள் இருக்கக்கூடும். ஐந்து மதிப்புகளை நான்கு சாலைகளால் பெருக்கினால் ஓராண்டுக்கு 20 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கிறது. எல்லாச் சாலைகளும் எல்லா ஆண்டும் எல்லா மதிப்பையும் அடிப்பதில்லை என்பதால் சில கட்டங்கள் என்றைக்கும் காலியாகவே இருக்கும்; அதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குறி இல்லாமை என்பது கொல்கத்தாவின் அடையாளம் என்பதால், தேய்ந்த காசில் குறி அழிந்துபோயிருப்பதையும் கொல்கத்தா என்று எழுதிவைத்துவிடும் ஆபத்து உண்டு. விண்மீனின் முனைகள் தேய்ந்தால் அது புள்ளியைப் போலத் தோன்றும்; சாய்சதுரமும் அவ்வாறே. புதிய காசிலேயே குறியைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று இருந்தால் போதும். அது இல்லாதவர்கள் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். காசுக்கு நேர்மேலிருந்து விழும் ஒளியில் பொறிப்பு பளிச்சிட்டு மறைந்துவிடும். சன்னலோரம் நின்று காசைச் சற்றே சாய்த்தால் விண்மீனின் ஐந்து முனைகளும் நிழலோடு எழுந்து நிற்கும்.

விளிம்பைப் பார்ப்பதும் வீண் வேலையன்று. 2019 வரிசையில் 1, 2, 20 ரூபாய் நாணயங்களின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் வரிகள் இருக்கும். எடையும் அளவும் பின்வருமாறு அறிவிக்கப்பட்டுள்ளன: 1 ரூபாய் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.09 கிராம்; 2 ரூபாய் 23 மில்லிமீட்டர், 4.07 கிராம், 5 ரூபாய் 25 மில்லிமீட்டர், 6.74 கிராம், 10 ரூபாய் 27 மில்லிமீட்டர், 7.74 கிராம்; 20 ரூபாய் 27 மில்லிமீட்டர், 8.54 கிராம். ஐயத்துக்குரிய காசு கையில் வந்தால், தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது எல்லா வாதங்களையும் முடித்துவிடும். காந்தத் துண்டு ஒன்றும் உடன் இருக்கட்டும். 1990களின் தொடக்கத்துக்கு முந்தைய தாமிர நிக்கல் 1 ரூபாயைக் காந்தம் இழுக்காது. பின்னர் வந்த துருவேறா எஃகு 1 ரூபாயை உடனே இழுக்கும்.

பத்து ரூபாய் என்னும் தனி உலகம்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 10 ரூபாய் நாணயம். இரு உலோகங்களால் ஆன இந்தக் காசு, 2005 என்று ஆண்டு பொறித்துக்கொண்டு 2009இல்தான் மக்கள் கைக்கு வந்தது. அதாவது பொறித்த ஆண்டும் புழக்கத்துக்கு வந்த ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அதற்குப் பின்னர் அந்த ஒரே மதிப்பில் பல வடிவங்கள் வந்தன. ரூபாய்க் குறி இல்லாத, 15 ஒளிக்கதிர்கள் விரியும் வடிவம் ஒன்று; ரூபாய்க் குறியோடு 10 கதிர்கள் உள்ள வடிவம் மற்றொன்று. ஓமி பாபா நூற்றாண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டுகள், மாதா வைஷ்ணோதேவி, கயிறு வாரியத்தின் 60 ஆண்டுகள், அம்பேத்கரின் 125ஆம் பிறந்தநாள், பன்னாட்டு யோகா நாள், தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி திரும்பியதன் நூற்றாண்டு என்று நினைவு வடிவங்களும் சேர்ந்தன. இத்தனை முகங்கள் இருந்ததே மக்களுக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. கதிர்களை எண்ணிப் பார்த்துப் பதினைந்து இருந்தால் போலி என்றும் பத்து இருந்தால்தான் அசல் என்றும் ஒரு வதந்தி கிளம்பித் தமிழகத்தின் பல மாவட்டங்களில் கடைக்காரர்களும் சில நடத்துநர்களும் 10 ரூபாய்க் காசையே வாங்க மறுத்தார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் அறிவித்தது. 14440 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் அதுபற்றிய விளக்கம் கிடைக்கும் ஏற்பாட்டையும் செய்தது.

வதந்தியால் வணிகருக்கு நட்டம். சேகரிப்பாளருக்கோ அது எதிர்பாராத வசதி. வாங்க மறுக்கப்பட்ட காசுகள் செலவாகாமல் மேசை இழுப்பறைகளிலும் உண்டியல்களிலும் முடங்கிக் கிடந்ததால், அவற்றில் பல ஏறக்குறையப் புதுமை கெடாமல் இன்றும் இருக்கின்றன. உறவினர் வீடுகளில் இப்படி ஒரு டப்பா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதை வாங்கிக்கொண்டு அதே தொகைக்குத் தாளாகக் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி.

20 ரூபாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 பக்கம் இருப்பதால் குழப்பமும் இல்லை. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும் காசுதான் என்றாலும் கடைகளில் யாரும் வாங்குவதில்லை; கண்டால் எடுத்து வையுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 சூன் 30உடன் செல்லாதவை ஆயின.

நெல்லைச் சீமையில் எங்கே, எப்போது

பணம் கைப்பேசிக்குள் போய்விட்ட பிறகு தேநீர்க் கடைகளில் சில்லறை குறைந்துவிட்டது என்பதை எல்லாரும் அறிவோம். முன்பு நகரப் பேருந்து நடத்துநரின் தோல்பைதான் ஊரின் மிகப்பெரிய சில்லறைச் சுரங்கம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்வதால், அந்தப் பைக்குள் விழும் காசும் இயல்பாகவே மாறியிருக்கிறது. ஆயினும் சிற்றூர்களுக்கு ஓடும் தனியார் பேருந்துகளிலும் மினி பேருந்துகளிலும் காசுப் புழக்கம் இன்னும் இருக்கிறது. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், களக்காடு பக்கம் போகிறவர்கள் சீட்டுக்குத் தாளை நீட்டி மீதியைக் காசாக வாங்கிக்கொள்ளலாம். கூட்டமான நேரத்தில் நடத்துநரிடம் காசைப் பொறுக்கித் தரக் கேட்பது முறையன்று; வந்ததை வாங்கி, இருக்கையில் அமர்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

நான் அதிகம் நம்புவது சந்தைகளை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரை, எலுமிச்சை, பூ விற்கும் பெண்களிடம் இன்னும் காசுதான் பேசுகிறது. நயினார்குளம் மொத்தச் சந்தையிலும் பாவூர்சத்திரம் சந்தையிலும் விடிகாலையில் தாள்களே அதிகம் கைமாறும். அங்கே காசு தேடுகிறவர் சில்லறை வியாபாரம் தொடங்கும் வரை காத்திருப்பது நல்லது. கோயில் வாசல்களில் செருப்புக் காப்பவர், அர்ச்சனைத் தட்டுக் கடை, வண்டி நிறுத்துமிடம் ஆகிய மூன்றிலும் 5, 10 ரூபாய்க் காசுகள் ஓயாது சுழல்கின்றன. நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசை, குற்றாலச் சாரல் காலம் ஆகிய நாள்களில் வெளியூர்க் கூட்டத்தோடு வெளியூர்க் காசும் நமக்கு வருகிறது. இங்கு மாதக்கணக்கில் பார்க்காத நாணயச்சாலைக் குறி ஒன்று குற்றாலத்தில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிய மீதியில் வந்துவிடுவது உண்டு. கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வருகிறவர்கள் அங்குள்ள சில்லறையைச் சட்டைப்பையிலேயே கொண்டுவருகிறார்கள் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை.

மளிகைக் கடையில் கேட்பதற்கு உரிய நேரம், கடை எடுத்துவைக்கும் இரவு வேளை. அண்ணாச்சி அன்றைய கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார். அப்போது 100 ரூபாய்த் தாளை நீட்டி, "அண்ணாச்சி, இதுக்குச் சில்லறையாத் தாங்க, புதுக் காசு இருந்தா நல்லது" என்றால், தட்டோடு நம் பக்கம் தள்ளி, "புதுசோ பழசோ எல்லாம் ஒரே துட்டுதான தம்பி, வேணுங்கறதப் பொறுக்கிக்கிடுங்க" என்பார். சில்லறைத் தட்டுப்பாடு உள்ள நாளில் கேட்கக் கூடாது. நாம் வாங்கியதை ஈடுகட்டும் வகையில், வேறு நாளில் நம்மிடம் மிகுந்த காசை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தால் இந்த உறவு பல ஆண்டுகள் நீடிக்கும்.

முற்றிலும் புதிய காசு வேண்டுமென்றால் வங்கிதான் வழி. எல்லாக் கிளைகளும் நாணயங்களை மாற்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கூட்டமில்லாத வேளையில் காசாளரிடம் பணிவாகக் கேட்டு, புதிய பை பிரித்திருக்கிறார்களா என்று அறியலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாணயச்சாலையிலிருந்து அப்படியே வந்த பை என்றால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே ஆண்டு, ஒரே குறி. ஆகவே 100 காசு வாங்கினாலும் சேகரிப்புக்கு எடுக்க வேண்டியது அவற்றில் அடிபடாத இரண்டு மூன்று மட்டுமே. வங்கிகள் அவ்வப்போது நடத்தும் நாணய மேளாக்களிலும் இதே கதைதான்.

ஆற்றிலிருந்து கிடைக்கும் காசைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். குறுக்குத்துறையிலும் பாபநாசத்திலும் நீரில் போடப்பட்ட காசுகளைத் துழாவி எடுப்பவர்கள் உண்டு. தாமிரபரணியில் கிடந்த காசு கறுத்தும் அரித்தும் போயிருக்கும் என்பதால் நம் வேலைக்கு அது உதவாது. உண்டியல் காசில் மஞ்சளும் குங்குமமும் ஏறியிருக்கும். அதையும் தவிர்ப்பதே நல்லது.

பிழையும் பழுதும்

அடிக்கும்போதே நேர்ந்த பிழையுள்ள காசுகளுக்கு ஒரு தனிக் கவர்ச்சி இருக்கிறது. பொறிப்பு நடுவிலிருந்து விலகி ஒருபுறம் வெறுமையாக இருப்பது, விளிம்பில் பிறைபோல் ஒரு துண்டு குறைந்திருப்பது, ஒருபக்க அச்சு சுழன்றிருப்பது ஆகியவை அவற்றில் அடிக்கடி பேசப்படுபவை. கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சிங்கத் தூண் நிமிர்ந்து நிற்கும்படி காசின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயங்களில் மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அந்தக் காசைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஆனால் பிழை என்று காட்டப்படுவனவற்றில் மிகப் பெரும்பாலானவை பிற்பாடு நேர்ந்த பழுதுகளே. தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அரத்தால் அராவியது, 10 ரூபாயின் நடுவட்டைத் தட்டித் தனியாக எடுத்துத் திருப்பிப் பொருத்தியது என்று மனிதக் கைவண்ணங்கள் ஏராளம். நாணயச்சாலையின் பிழையில் உலோகத்தின் மேற்பரப்பு மற்ற இடங்களைப் போலவே சீராக ஒளிரும். பழுதில் கீறல், பிசிர், வேறு நிறம் என்று ஏதேனும் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

காத்தல்

சேகரிப்பைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது துலக்கும் ஆசை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய வீடுகளில், காசையும் அவ்வாறே துலக்கிவிட்டால் அழகாக இருக்குமே என்று எண்ணுவது இயல்பு. புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை ஆகிய எதுவும் காசின் மேல் படக் கூடாது. அச்சில் அடிபட்ட கணத்தில் உண்டான அந்த நுண்ணிய மேற்பரப்புதான் புதுக்காசின் ஒளி. ஒருமுறை தேய்த்துவிட்டால் அதை எவராலும் திருப்பித் தர முடியாது. அழுக்கு மிகுதியாக இருந்தால் தூய நீரில் சற்று ஊறவிட்டு, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பும் எண்ணெயும் தங்கி, சில மாதங்களில் ரேகை அப்படியே கறையாக எழுந்துவரும். அல்வா தின்ற கையோடு தொட்டால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் இளகிப் பச்சைப் பிசுபிசுப்பைக் காசின் மேல் படியவைக்கின்றன. அவற்றுக்கு மாற்றாக, நடுவில் மைலார் சாளரம் வைத்த அட்டை உறைகளையோ கெட்டியான வட்டக் குப்பிகளையோ வாங்குங்கள். அட்டை உறையைப் பின்னடித்து மூடும்போது பின்னின் முனை காசைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டை வெயிலில் காசுக்குப் பெரிய துன்பமில்லை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்திலும், உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றாலும் உலோகம் விரைவில் கெடுகிறது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலங்களை மாற்றுவது போதும். ரப்பர் பட்டை போட்டுக் கட்டாதீர்கள்; அதிலுள்ள கந்தகம் காசைக் கறுக்கச் செய்யும். மர அலமாரியைவிட இரும்பு அலமாரி நல்லது.

எழுதி வைத்தல்

என் கருத்தில், காசைவிடக் குறிப்பு முக்கியமானது. மதிப்பு, பொறித்த ஆண்டு, நாணயச்சாலை, வடிவம் என்பவற்றோடு எந்த நாளில், எந்த ஊரில், யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாணயம் வெளியிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நாளுக்கும் அது களக்காட்டுப் பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அந்த நோட்டு மட்டுமே சொல்லும். எந்த அரசு ஆவணத்திலும் அது இருக்காது. கொற்கையருகே அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் என்று பாண்டியர் காசடித்த இடத்தின் பெயர் மட்டும் நின்றிருக்கிறது. அங்கே அடித்த காசு எந்தச் சந்தையில் எத்தனை நாளில் கைமாறிற்று என்று குறித்துவைத்தவர் ஒருவரும் இல்லை. நம் காலத்துக்கு அந்தக் குறிப்பை எழுதச் செலவு ஒன்றுமில்லை.

"யாரிடமிருந்து" என்ற பத்தியில் ஆள் பெயர் வேண்டாம். பூக்கடை, மினி பேருந்து, வங்கி என்றால் போதும்.

விலை பேசுவோரிடம்

வைஷ்ணோதேவி காசுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று வரும் காணொளிகளை நம்ப வேண்டாம். அது புழக்கத்துக்கென்றே அடித்து வெளியிடப்பட்ட காசு; கையில் தேய்ந்து வந்த ஒன்றுக்கு முகமதிப்புக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. உங்கள் காசை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், அதற்கு முன் பதிவுக் கட்டணமோ வரியோ கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. விற்பதற்கு முன்பணம் கேட்பவர் எவரானாலும் அழைப்பைத் துண்டித்துவிடுவதே சரி.

நாணயங்களை உருக்குவதும் அழிப்பதும் நாணயச் சட்டப்படி குற்றம். மோதிரமாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். 1 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரைக்கும், 50 பைசா 10 ரூபாய் வரைக்கும் சட்டப்படி செல்லும் என்ற வரம்பையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிகுந்துபோன காசை மூட்டையாகக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

அந்த மிகுதியை வீட்டில் தேக்கவும் கூடாது. ஒவ்வொரு வகையிலும் நன்னிலையில் ஒன்றை உறையிலும், பரிமாற்றத்துக்கு இரண்டையும் வைத்துக்கொண்டு, எஞ்சியதை மதிப்பு வாரியாகப் பிரித்து, நூறு நூறாக நெகிழிப் பையில் கட்டி வங்கியில் கொடுத்தால் காசாளருக்கு எண்ணுவது எளிது. அதைவிட விரைவாக வேண்டுமென்றால், சில்லறை இல்லாமல் அண்ணாச்சி மிட்டாய் கொடுக்கத் தொடங்கும் நாளில் அவர் கடைக்கே கொண்டுபோகலாம்.